பாலம் கடக்கும் முன்

அன்பு மகேனுக்கு,

சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா என்று கேட்டு எழுதியிருந்தாய். போ என்றுதான் சொல்வேன். கூலாயிலிருந்து ஜொகூர் பாலம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். அந்தப் பக்கத்து ஒரு வெள்ளி இந்தப் பக்கம் மூன்று ரிங்கிட்டுக்கு மேல். இங்கே குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனதே 2025இல்தான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிள்ளையைத் தடுக்க எனக்கு நியாயம் இல்லை. ஆனால் சம்பளத்தைப் பார்க்கிற அளவுக்கு, எந்த நிபந்தனையில் போகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். குடிபெயர்ந்தவன் வாழ்ந்தானா, நொடிந்தானா என்பதைக் கூலியைவிட நிபந்தனையே முடிவு செய்திருக்கிறது. நம் சனம் மலாயாவுக்கு வந்த வரலாறே இதற்குச் சாட்சி.

பஞ்சம் பிழைக்க வந்தார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கியது உண்மை. திருச்சி, தஞ்சை, சேலம், ஆர்க்காட்டுப் பக்கங்களில் நிலமில்லாதவர்களைக் கடனும் சாதியும் சேர்ந்து நெரித்ததும் உண்மை. ஆனால் பசி ஒருவனை ஊரை விட்டுக் கிளப்பும். நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிப் பினாங்கில் இறக்காது. அதற்கு ஆள் பிடிக்கும் ஏற்பாடு வேண்டும். ரப்பர் பெருகப் பெருக அந்த ஏற்பாடும் பெருகியது. 1907இல் தோட்ட முதலாளிகளிடம் பணம் வசூலித்துக் கப்பல் செலவுக்கென்று ஒரு குடியேற்ற நிதி அமைத்தார்கள். 1910இல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் எடுப்பது நின்றது. அந்த இடத்தைக் கங்காணி பிடித்துக்கொண்டார். சொந்த ஊரிலேயே, உறவிலேயே முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார். வேலைக்கு வந்த தலைகளுக்கு ஏற்ப தோட்டத்திடம் காசு வாங்கினார். வந்தவன் கால் வைக்கும்போதே கடனாளி.

அந்தக் கடனைக்கூட அடைத்துவிடலாம். அவனை நிரந்தரமாகக் கட்டிப்போட்டது வீடு. லய வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, மளிகைக் கடை எல்லாமே முதலாளியின் நிலத்தில் நின்றன. வேலை போனால் நிற்க இடமில்லை. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938இல் முதலாளிகள் மறுபடி கூலியைக் குறைத்தார்கள். அப்போதுதான் இந்திய அரசு இங்கே ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் குடியுரிமைத் தாள் வாங்காதவர்களை 1969இல் வேலை பெர்மிட் சட்டம் பிடித்துக்கொள்ள, பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். இலங்கையில் இதைவிடக் கொடுமை: 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அவர்களில் பலர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். பிற்பாடு இங்கே ரப்பர் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புத் திட்டமாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியது. தோட்டம் விற்கப்பட்டபோது வேலை, வீடு, பள்ளி, கோயில் எல்லாம் ஒன்றாகக் கைவிட்டுப் போயின.

தோட்டத்தில் எல்லாரும் ஒரே குடும்பமாக இருந்தோமே, அந்த ஒற்றுமை டவுனில் ஏது என்று பெரியவர்கள் சொல்வதை நீ கேட்டிருப்பாய். அதை நான் மறுக்கவில்லை. அந்த ஒற்றுமைக்கு ஒரு பிடி நிலம்கூடச் சொந்தமில்லை என்பதுதான் என் வருத்தம். நம் கூலாயிலேயே உள்ள பெல்டா தாயிப் அண்டாக்கைப் பார். 1956இல் தொடங்கிய பெல்டா என்ற அரசு நிலக் குடியேற்றத் திட்டத்தில் பெரும்பாலும் மலாய்க்காரர்கள் வெளியூர்களிலிருந்து குடியேறினார்கள். அவர்களும் செம்பனைதான் அறுத்தார்கள். அவர்களுக்கும் கடன் இருந்தது. ஆனால் கடன் அடைந்தால் நிலமும் வீடும் தங்கள் பெயருக்கு வரும் என்ற ஏற்பாட்டில் வந்தார்கள். வேலை ஒன்று, மரம் ஒன்று. நிபந்தனை வேறு, பிள்ளைகளுக்கு மிஞ்சியதும் வேறு. நம் தாத்தாமார் வராமல் இருந்திருந்தால் நம் கதி என்ன என்று கேட்பாய். வந்தது தவறென்று நான் சொல்லவே இல்லை. அவர்களுக்கு நிபந்தனை பேசும் வாய்ப்பு இல்லை. உனக்கு இருக்கிறது.

இனி உன் காரியம். சிங்கப்பூர் பெர்மிட் முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் அதுவும் போகும். அங்கே மத்திய சேம நிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. உனக்கு யாரும் கட்டமாட்டார்கள். இங்கே வேலை செய்யாததால் நம் ஊழியர் சேமநிதியிலும் முதலாளி பங்கு விழாது. ஆக, பெரிதாகத் தெரியும் சம்பளத்தில் உன் முதுமைக்கான பணமும் கலந்திருக்கிறது. அதை நீயே பிரித்தெடுத்துச் சேமநிதியில் விருப்பச் சந்தாவாகப் போட வேண்டும். 2020 மார்ச் 18 அன்று எல்லை மூடியபோது, தினமும் போய்வந்தவர்கள் ஒன்று குடும்பத்தைப் பிரிந்தார்கள், இல்லை வேலையை இழந்தார்கள். தரைவழி முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆனது. ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் சேரும்வரை கார் கடன் எடுக்காதே. முதல் பெரிய கடன் கூலாயில் உன் பெயரில் ஒரு வீடாக இருக்கட்டும்.

இன்னொன்று. நம் செம்பனைக் காடுகளிலும் செனாய் தொழிற்சாலைகளிலும் இன்று வங்காளதேசி, நேப்பாளி, இந்தோனேசியர் இருக்கிறார்கள். இவர்களால்தான் சம்பளம் ஏறவில்லை என்று நண்பர்கள் பேசுவார்கள். ஏஜெண்டுக்குக் கடன்பட்டு வந்து, முதலாளியை விட்டு நகர முடியாதவன் குறைந்த கூலிக்குத் தலையாட்டத்தான் செய்வான். கூலியை இறக்குவது அந்தக் கட்டுதான், அவன் அல்ல. அவன் விரும்பிய முதலாளியிடம் போக முடிந்தால் உன் கூலியும் ஏறும். நம் தாத்தாமார் நின்ற இடத்தில் நிற்பவனை ஏசும் வாயோடு நீ பாலம் கடக்கக் கூடாது.

வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அதை ஒரு வரி விடாமல் படி. விளங்காத இடத்தைக் குறித்து எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

உன் பெரியப்பா,
கூலாய்