கிராமத்தில் முதியோர் கூடம்

வீட்டின் முன்புறம் திண்ணை வைத்துக் கட்டும் வழக்கம் நம் கிராமங்களில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. திண்ணை இருந்த காலத்தில் முதியோருக்கெனத் தனியே ஓர் இடம் வேண்டுமென்று எவரும் எண்ணவில்லை. வழிப்போக்கனும் அண்டை வீட்டாரும் சிறிது நேரம் உட்கார்ந்து பேசிச் செல்வர். வயதானவர் இருந்த இடத்திலேயே ஊர்ச் செய்தி அவரை வந்தடையும். இன்று சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் வந்துவிட்டன. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கச் சென்றுவிட்டனர். மாதந்தோறும் பணம் வருகிறது, ஆள் வருவதில்லை.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். இந்தியா முழுவதற்கும் இவ்விகிதம் 8.6 ஆகும். அதன்பின் இத்தொகை பெருகியே வந்திருக்கிறது. மணமகனைவிட மணமகளின் வயது குறைவாயிருப்பது நம் வழக்கம். பெண்களின் ஆயுளும் சற்று நீளம். ஆகவே தனித்து வாழும் முதியோரில் கைம்பெண்களே மிகுதி. 1962-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை வழங்கப்பட்டு வருகிறது. இத்தொகை அரிசிக்கும் மருந்துக்கும் ஆகும். பேச்சுத் துணையை அதனால் வாங்க இயலாது.

பேச்சுத் துணை என்பது பொழுதுபோக்கு மட்டும்தானே எனச் சிலர் நினைக்கலாம். அவ்வாறன்று. உறவும் நட்பும் உயிர் வாழ்வைப் பற்றிய விஷயங்கள் என்பதை ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். 3 லட்சம் பேருக்கு மேல் அடங்கிய 148 ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் ஒரு கணக்கு வெளியிடப்பட்டது. நல்ல உறவுப் பிணைப்பு உடையோருக்கு, அஃதில்லாதோரைவிட, உயிரோடிருக்கும் வாய்ப்பு சுமார் 50 சதவீதம் அதிகமெனக் கண்டனர். காரணங்களை நாமே ஊகிக்கலாம். தனியாயிருக்கும் மூதாட்டி ஒரு வயிற்றுக்காக அடுப்பு மூட்டச் சலித்து, பழைய சோற்றோடு நாளைக் கழித்துவிடுகிறாள். மாத்திரையை மறந்தால் கேட்பாரில்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்தால், மறுநாள் பால்காரர் வந்து பார்க்கும்வரை எவருக்கும் தெரிவதில்லை.

இவ்விஷயத்தில் ஜப்பான் நாட்டிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்றுண்டு. அங்கு ஐச்சி மாகாணத்தில் தாக்கெத்தோயோ என்ற சிற்றூர் உள்ளது. மக்கள் 40,000-க்குச் சற்று அதிகம். 2007-ஆம் ஆண்டில் அவ்வூர் நிர்வாகம், பல்கலைக்கழகத்தாரின் துணையோடு மூன்று இடங்களில் முதியோர் கூடங்களைத் தொடங்கியது. புதிய மாளிகை ஏதும் கட்டவில்லை. ஏற்கெனவே இருந்த பொதுக் கட்டடங்களையே பயன்படுத்தினர். மாதம் ஓரிரு முறை கூடுவர். எளிய உடற்பயிற்சி, விளையாட்டு, கைவேலை, தேநீர், பேச்சு ஆகியவையே அங்கு நடந்தன. நடத்தியவர்கள் சம்பளத்துக்கு வந்த ஊழியர்களல்லர். ஊர்க்காரர்கள், அவர்களிலும் பலர் முதியோரே. பின்னர்க் கூடங்கள் பத்துக்கு மேல் பெருகின.

ஐந்து ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, கூடத்துக்கு வந்தோரில் பிறர் பராமரிப்புக்கு உள்ளாகும் அளவுக்கு நலிந்தவர்கள், வராதோரைவிட ஏறத்தாழ பாதியாகவே இருந்தனர். இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. திடகாத்திரமானவர்தாமே கூடத்துக்கு நடந்து வந்திருப்பர்? அப்படியானால் பலன் கூடத்தால் வந்ததா, உடற்கட்டினால் வந்ததா? வாய்க்கால் தலைப்பிலுள்ள வயலில் புது விதையை இட்டு, கடைமடை வயலோடு விளைச்சலை ஒப்பிட்டால் விதையின் குணம் தெரியுமா என்று விவசாயி கேட்கும் கேள்வி போன்றதே இது. ஆராய்ச்சியாளர் இதை விட்டுவிடவில்லை. கூடத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தைக் கொண்டு கணக்கிட்டனர். ஒருவர் வீடு கூடத்துக்கு அருகில் அமைந்தது அவருடைய உடல் வலிமையால் அன்று. ஆனால் அருகிலிருப்பவர் அதிகம் வருகின்றனர். இவ்வாறு சீர்தூக்கிய பிறகும் பலன் இருப்பது தெரிந்தது.

இந்த ஆய்வில் நம் பஞ்சாயத்துகளுக்கு முக்கியமாகப் படுவது தூரத்தைப் பற்றிய செய்தியே. பல குக்கிராமங்கள் சேர்ந்த பஞ்சாயத்தில், தலைமைக் கிராமத்தில் மட்டும் பெரிய மண்டபம் ஒன்று எழுப்புவதால் கடைசிக் குக்கிராமத்துப் பாட்டிக்கு யாதொரு நன்மையும் இல்லை. தென் கொரியாவில் இவ்வகை முதியோர் மண்டபங்கள் 60,000-க்கு மேல் உள்ளன. அங்கு ஏறக்குறைய ஒவ்வொரு கிராமத்திலும் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் வெப்பமூட்டும் செலவுக்கும் அரிசிக்கும் அரசாங்கம் உதவுகிறது. கிராமத்து மூதாட்டிகள் சேர்ந்து சமைத்து மதிய உணவு உண்கின்றனர். பெரிதாக ஒன்று என்பதைவிடச் சிறிதாகப் பல என்பதே நமக்கும் ஏற்றது.

கட்டடத்துக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. சமுதாயக் கூடம், ஊர்ப்புற நூலகம், கிராம சேவை மையம் ஆகியவற்றில் ஒன்று பெரும்பாலான பஞ்சாயத்துகளில் உண்டு. பகலில் பல மணி நேரம் பூட்டியே கிடக்கிறது. இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் விவேகம் வேண்டும். பழைய சாவடிகளில் ஆண்கள் மட்டுமே உட்கார்ந்தனர். அவர்களிலும் எல்லாச் சாதியாரும் சமமாக உட்கார்ந்தனர் என்று சொல்ல இயலாது. ஒரு தெருவார் மட்டும் தயக்கமின்றி நுழையக்கூடிய இடத்தில் அமைத்துவிட்டு, “அனைவரும் வரலாம்” என்று பலகையில் எழுதினால் போதாது. காலனிக்கும் ஊருக்கும் நடுவேயுள்ள பள்ளிக்கூடத்தை ஒட்டிய இடம் பல ஊர்களில் இதற்குப் பொருந்தும்.

கழிப்பறை இன்றியமையாதது. அஃதில்லாத இடத்துக்கு மூதாட்டிகள் வரமாட்டார்கள். காரணத்தை வெளியே சொல்லவும் மாட்டார்கள். மண்டியிட முடியாதவர்களுக்கு மேடை வைத்த கழிப்பறையும், பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பியும் வேண்டும். படிக்கட்டுக்குப் பதில் சாய்தளம் நல்லது. தரையில் உட்கார இயலாதவர்களுக்குச் சில நாற்காலிகள் போதும்.

அங்கே என்ன செய்வது? வெறுமனே உட்காரச் சொன்னால் சில நாட்களில் சலிப்புத் தட்டும். நூறு நாள் வேலைத் தளங்களைக் கவனித்தவர்கள் ஒன்றை அறிவர்: கூலிக்காக மட்டுமன்றி, நாலு பேரோடு பேசிச் சிரிப்பதற்காகவும் வந்த மூதாட்டிகள் அங்குப் பலர். கைக்குச் சிறிது வேலை இருந்தால் வாய்க்குப் பேச்சு தானே வரும். புளி கொட்டை நீக்கலாம், பூ கட்டலாம், நாட்டுக் காய்கறி விதைகளைச் சேர்த்துச் சாம்பல் கலந்து பாதுகாக்கலாம். எழுதத் தெரிந்தவர் மற்றவருடைய மனுக்களை எழுதித் தரலாம். பள்ளி விட்டதும் வரும் குழந்தைகளுக்குப் பெற்றோர் திரும்பும் வரை காவலாக இருக்கலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் ஊழியர் அந்த நாளில் அங்கு வந்தால், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஒரே இடத்தில் பார்க்கப்படும். சூதாட்டமும் குடித்துவிட்டு வருவதும் கூடாதென்ற விதியை முதியோரே வகுத்துக்கொள்ளட்டும். அதிகாரி வகுத்தால் எவரும் மதிப்பதில்லை.

நட்பை உத்தரவிட்டு உண்டாக்க முடியாது. அதே முகங்களை, அதே கிழமையில், அதே இடத்தில் திரும்பத் திரும்பக் காண்பதனாலேயே அது முளைக்கிறது. ஆகையால் மாதம் ஒருமுறை விழாவாக நடத்துவதைவிட, வாரம் இருமுறை சாதாரணமாகக் கூடுவது மேல். தேநீரும் சுண்டலும் போதுமானவை. மாலையும் ஒலிபெருக்கியும் வேண்டா.

அழைக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. தண்டோராப் போட்டால் வருபவர்கள், ஏற்கெனவே நாலு இடம் போய் வருகிறவர்கள்தாம். கணவனை இழந்து வீட்டிலேயே முடங்கியவர், காது மந்தமானவர், மருமகளோடு மனத்தாங்கல் கொண்டவர் ஆகியோர் நேரில் கூப்பிட்டாலன்றி வரமாட்டார்கள். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துப் பழகிய சமுதாயம் நம்முடையது. சம வயதுடைய ஒருவர் வீட்டுக்கே சென்று, “நீங்கள் வராமல் நேற்றுப் பேச்சு சுவைக்கவில்லை, அக்கா” என்று சொல்லி, மறுமுறை கூடவே அழைத்து வருவது எந்தச் சுற்றறிக்கையையும்விடப் பயன் தரும்.

2022 முதல் நம் மாநிலத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடும் என அறிவிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் ஒன்றில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். கூடம் தொடங்கியபின் ஒரு வருகைப் பதிவேடு வைத்து, மாதக் கடைசியில் அதைப் படித்துப் பார்க்கவேண்டும். எத்தனை பேர் வந்தனர் என்பதை மேலதிகாரிக்கு எழுதலாம். ஆனால் முதலில் கண்ணிட வேண்டியவை, இரண்டு வாரமாகக் காணாத பெயர்கள். அந்த வீடுகளுக்கு அன்று மாலையே ஒருவர் சென்று வரவேண்டும்.