தலைமுடியும் மனச்சமாதானமும்

குடும்பங்களுக்கு ஞானப் பாடம்



கல்யாண வயதிலுள்ள வாலிபனுக்கு நெற்றி ஏறத் தொடங்கினால் வீட்டில் பேச்சும் தொடங்கிவிடுகிறது. தாய் தைலம் காய்ச்சுகிறாள். தரகர், "நாலு வருஷத்துக்கு முந்திய படம் இருந்தால் கொடுங்கள்" என்கிறார். சிநேகிதர் பட்டப்பெயர் வைக்கிறார்கள். கடைசியில் அவன் சேமித்ததோடு கடனும் வாங்கி, முடி நடும் சிகிச்சைக்குப் போகிறான். சிலருக்கு அது நல்லபடியாக முடிகிறது. வேறு சிலரோ ஓராண்டு சென்றபின் கண்ணாடி முன் நின்று, "இதற்கா இவ்வளவு பாடு?" என்று கலங்குகிறார்கள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அடக்கிக்கொள்கிறார்கள். பூசைக்கு வந்தாலும் தூண் மறைவில் நின்றுவிட்டுப் போகிறார்கள். இவர்களுக்கும், இவர்கள் வீட்டாருக்கும், இனி இச்சிகிச்சையை நாட நினைப்பவர்களுக்கும் உதவும்படி இவ்வாரப் பாடம் அமைகிறது.

1. வழுக்கை குற்றமல்ல

லேவியராகமம் 13-ம் அதிகாரத்தில் தோல் வியாதிகளைப் பற்றிய நீண்ட சட்டங்கள் உண்டு. அவற்றின் நடுவே, முடி உதிர்ந்து வழுக்கையான மனிதனை அசுத்தனென்று எண்ணலாகாது என்று தெளிவாகக் கூறப்பட்டிருக்கிறது. எலிசேயு தீர்க்கதரிசியும் வழுக்கைத் தலையர். பெத்தேல் ஊர்ச் சிறுவர் அதைச் சொல்லி அவரைப் பரிகசித்ததை வேதாகமம் சிறு விளையாட்டாக எழுதி வைக்கவில்லை; அவர்கள் கடுந் தண்டனைக்கு உள்ளானதையும் சேர்த்தே சொல்கிறது.

ஆண்களுக்கு வரும் வழுக்கை பெரும்பாலும் பரம்பரையால் வருவது. ஆண்மைச் சுரப்புநீரிலிருந்து உண்டாகும் ஒரு பொருள், முன்தலையிலும் உச்சியிலும் உள்ள முடிவேர்களைச் சிறுகச் சிறுகச் சுருங்கச் செய்கிறது. எண்ணெய் தேய்க்காததாலோ, யாரோ கண் வைத்ததாலோ வருவதல்ல.

2. சிகிச்சை என்ன செய்கிறது?

ஜப்பானில் ஒகுடா என்ற மருத்துவர் 1939-ல் இதைப் பற்றி எழுதினார். நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற மருத்துவர் 1952-ல் வழுக்கைக்கு இம்முறையைக் கையாண்டு, 1959-ல் அதன் விவரத்தை வெளியிட்டார். பின்தலை முடியை முன்தலையில் நட்டாலும் அது பின்தலைக் குணத்தையே காத்துக்கொள்கிறது என்பதே அவர் கண்ட உண்மை.

நம் விவசாயக் குடும்பங்களுக்கு இது எளிதில் விளங்கும். பின்தலை ஒரு நாற்றங்கால். முன்தலை நடவு வயல். சில மருத்துவர் பின்தலைத் தோலை ஒரு பட்டையாக அறுத்தெடுத்துத் தைத்துவிட்டு, அதிலிருந்து வேர்களைப் பிரிப்பார்கள். வேறு சிலர் ஒவ்வொரு வேராகத் துளையிட்டு எடுப்பார்கள். எப்படி எடுத்தாலும் புதிய நாற்று ஒன்றும் உண்டாவதில்லை. இருப்பது இடம் மாறுகிறது, அவ்வளவே. சிகிச்சைக் கூடத்து விளம்பரம் இதைச் சொல்வதில்லை.

3. ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது?

முதலாவது, அவசரம். நட்ட நாற்று வாடிப் பிறகு பச்சை பிடிப்பதுபோல, நட்ட முடியும் முதல் சில வாரங்களில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேர் உள்ளேயே இருக்கும். மூன்று நான்கு மாதங்களில் மெல்லிய முடி முளைக்கத் தொடங்கும். முழுப் பலனை அறியப் பன்னிரண்டு மாதமாவது செல்லும். உச்சந்தலையில் இன்னும் தாமதமாகலாம். இரண்டாம் மாதத்தில் அழுகிறவன் விளையாத வயலைப் பார்த்து அழுகிறான்.

இரண்டாவது, மிதமிஞ்சிய ஆசை. ஒருவன் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கும். நடுவதோ சில ஆயிரமே. பரந்த வழுக்கைக்கு இளமைக்கால அடர்த்தி திரும்பாது. அளவுக்கு மீறிப் பிடுங்கினால் நாற்றங்காலும் பொட்டலாகும்.

மூன்றாவது, வழுக்கை நின்றுவிடுவதில்லை. நட்டது நிலைத்தாலும், அதன் பின்னாலுள்ள பழைய முடி தொடர்ந்து உதிரலாம். அதனால்தான் மருத்துவர் சிலருக்கு மருந்தும் கொடுக்கிறார்கள். அதை நிறுத்தினால் பலனும் நிற்கும்.

நான்காவது, திறமையற்ற கை. எடுத்த வேர் உலர்ந்துபோனால் பிழைக்காது. சாய்வு தவறி நட்டால் முடி குத்திட்டு நிற்கும். ஆபத்தும் இல்லாமலில்லை. 2016-ல் சென்னையில் இச்சிகிச்சை செய்துகொண்ட ஓர் இளைஞர் இறந்துபோனார். பயிலரங்குக்குப் போனதும், யூடியூபில் பார்த்ததும் இதற்குத் தகுந்த பயிற்சியாகா என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் எச்சரித்தது.

4. திருச்சபையின் போதனை

அழகைத் தேடுவது பாவமா? 12-ம் பத்திநாதர் பாப்பரசர், தாம் மரிப்பதற்கு ஐந்து நாள் முன்பு, 1958 அக்டோபர் 4-ல், இத்தாலிய உறுப்பமைப்பு அறுவை மருத்துவர்களுக்கு இதைப் பற்றிப் போதித்தார். சரீர அழகு ஒரு நன்மைதான். ஆனால் அதைவிட மேலான நன்மைகளுக்கு அது கீழ்ப்பட்டது. நோக்கம் நேர்மையாயிருந்து, உடல்நலத்துக்குப் பெரும் ஆபத்தில்லாமல், தகுந்த காரணமும் இருந்தால் இத்தகைய சிகிச்சை தகும் என்பதே அவர் போதனையின் சாரம்.

ஆகவே முடி நட்டுக்கொண்டவனைப் பாவி என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. ஆனால் தங்கையின் கல்யாணப் பணத்தை எடுத்தோ, வட்டிக்கு வாங்கிக் குடும்பத்தை வருத்தியோ செய்வது அந்த மூன்று நிபந்தனைகளுக்கு ஒத்துவருமா என்று அவனவன் மனச்சாட்சியைக் கேட்கட்டும்.

5. ஏமாந்தவன் செய்யவேண்டியது

ஆண்டு நிறையும்வரை பொறுத்திரு. பிறகும் குறை தெரிந்தால், எத்தனை வேர் நடப்பட்டது என்ற விவரத்தையும் முன் பின் எடுத்த படங்களையும் கேட்டு வாங்கி, வேறொரு தோல் மருத்துவரிடம் காட்டு. மறு சிகிச்சைக்கு ஓடாதே; அதற்கும் அதே நாற்றங்காலில்தான் பிடுங்கவேண்டும். ஏமாற்றப்பட்டாயானால் மாநில மருத்துவக் கவுன்சிலிலோ நுகர்வோர் நீதிமன்றத்திலோ முறையிடுவது பாவமல்ல. பகை வைப்பதே பாவம். சாப்பாடும் தூக்கமும் கெட்டு, உயிரை வெறுக்கும் எண்ணம் வந்தால் ஒருநாளும் மறைக்காதே. வீட்டாரிடமும் மருத்துவரிடமும் பங்குக் குருவிடமும் சொல். அரசின் 14416 என்ற இலவசத் தொலைபேசியிலும் பேசலாம்.

இன்னொன்றையும் நினைத்துக்கொள். வேளாங்கண்ணியில் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு எத்தனை பேர் மனமுவந்து மொட்டையடித்துக்கொள்கிறார்கள்! அங்கே தலைமுடியைக் காணிக்கையாக்குகிறவன் வெட்கப்படுவதில்லை. தானாகக் கொடுப்பது எளிது. கேளாமல் எடுக்கப்பட்டதைக் கொடுப்பதே அரிது. உதிர்ந்த முடியையும், போன பணத்தையும், பட்ட அவமானத்தையும் பூசையில் அப்ப இரசத்தோடு சேர்த்து ஒப்புக்கொடுத்துப் பார். சேசுநாதர் நம் தலைமுடிகளின் எண்ணிக்கையைப் பரமபிதா அறிந்திருப்பதாகச் சொன்னபோது, அச்சத்தோடு இருந்த தம் சீடருக்கு ஆறுதலாகவே சொன்னார். எண்ணி வைத்திருக்கிறவருக்கு உன் துக்கம் அற்பமாய்த் தோன்றாது.

6. வீட்டாரின் கடமை

"முடிக்குப் போயா அழுகிறாய்?" என்று கேளாதேயுங்கள். அவன் அழுவது முடிக்கு மட்டுமல்ல. தன்னை யாரும் ஏற்கமாட்டார்களோ என்ற பயத்துக்கு. அந்தப் பயத்தை வளர்த்தது யார்? பட்டப்பெயர் வைத்த நாம். படத்தைப் பார்த்துச் சம்பந்தத்தைத் தள்ளிய நாம். பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளையின் பக்தியையும் உழைப்பையும் குடிப்பழக்கமின்மையையும் முதலில் விசாரிக்கட்டும். பையனைப் பெற்றவர்கள் பழைய படத்தைக் காட்டிச் சம்பந்தம் பேசவேண்டாம். அது எட்டாம் கற்பனைக்கு ஒவ்வாது. மருந்தாலோ பிரசவத்தாலோ முடி உதிர்ந்த பெண்களிடமும் இதே அன்பு வேண்டும்.

வினா விடை

வி. முடி நடும் சிகிச்சை பாவமா?
வி-டை. நேர்மையான நோக்கமும், தகுந்த காரணமும், பெரும் ஆபத்தின்மையும் இருந்தால் பாவமல்ல.

வி. அதற்குமுன் மருத்துவரிடம் என்ன கேட்கவேண்டும்?
வி-டை. அவர் படிப்பும் பதிவும் என்ன, துளையிட்டு நடுவது யார் கை, என் தலையில் எவ்வளவு கூடும், எவ்வளவு கூடாது, மொத்தச் செலவு என்ன என்று கேட்கவேண்டும்.

வி. வழுக்கையைப் பரிகசிப்பது எந்தப் புண்ணியத்துக்கு விரோதம்?
வி-டை. பிறர்சிநேகத்துக்கு விரோதம்.

இவ்வாரத் தீர்மானம்: நம் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது உடற்குறையைச் சொல்லும் பட்டப்பெயர் இருந்தால், இன்று முதல் அவரை ஞானஸ்நானப் பெயரால் அழைப்போம். மறைவில் வருந்துகிறவர்களுக்காக இன்றிரவு ஜெபமாலையில் ஒரு பத்துமணி ஒப்புக்கொடுப்போம்.