லீவும் ஒரு கொடை

மாணவியரே, கொடை என்றால் பணம் மட்டுமா? நம் நாட்டில் அரச ஊழியருக்கு ஆண்டுக்கு அமய லீவு 21, ஓய்வு லீவு 24, ஆக 45 நாட்கள். புற்றுநோய்ச் சிகிச்சை நீண்டால் இவை போதுமா?

அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, மத்திய அரச ஊழியர் தம் வருடாந்த லீவைக் கடும் நோயுற்ற சக ஊழியருக்கு வழங்கலாம். பிரான்சின் 2014ஆம் ஆண்டுச் சட்டம், நோயுற்ற பிள்ளையைப் பராமரிக்கும் பெற்றோருக்கு லீவைக் கொடுக்க இடமளித்தது. கொடுத்தவர் பெயர் வெளியே வராது. பெறுபவர் கூச்சப்படத் தேவையில்லை.

பசறைத் தோட்டத்தில் நாட்சம்பளத்துக்குக் கொழுந்தெடுக்கும் தாய் பதுளை ஆஸ்பத்திரியில் படுத்தால்? அயலவரிடம் கொடுக்க லீவு இல்லை; நேரம் உண்டு. அவள் பிள்ளைக்குச் சோறூட்டி, பாடசாலைக்கு அனுப்புவதும் அதே கொடைதான்.

பயிற்சி: நீங்கள் கொடுக்கக்கூடிய ஒரு நாள் எது? எழுதுக.