விசிலுக்கும் ஒரு வரி

கோயம்புத்தூர்ப் பக்கம் கிரிக்கெட் பயிற்சி மையம் நடத்தும் ஒருவர், 2022-இல் முதல்முறையாக வெளிநாட்டிலிருந்து ஒரு கன்டெய்னர் சாமான் வரவழைத்தார். சுங்கத்துக்கான இறக்குமதி அறிக்கையான பில் ஆஃப் என்ட்ரி போடும் வேலை எங்களிடம் வந்தது. இருபது வருஷமாகச் சென்னைத் துறைமுகத்தைச் சுற்றியே பிழைப்பு நடத்துகிற கிளியரிங் ஏஜென்ட் நான். இன்வாய்ஸைத் திறந்ததும் எனக்குப் பகீரென்றது. மொத்தமே ஒரு வரிதான்: ‘விளையாட்டுப் பயிற்சி உபகரணங்கள், 1 செட்.’ எதிரே ஒரு பெரிய தொகை.

போன் போட்டேன். “ஏனுங்க, எல்லாமே கிரிக்கெட்டுக்குத்தானுங்களே? ஒரே கோடு போட்டா முடிஞ்சுதுங்களே?” என்றார்.

முடியாது. பொருள்களைக் கோடு எண்களாக வகைப்படுத்தும் சுங்க அட்டவணை ‘இது யாருக்கு வந்தது’ என்று கேட்பதில்லை. ‘இது என்ன பொருள்’ என்றுதான் கேட்கும். அதிலும், ‘செட்’ என்று எழுதி மொத்த விலை போட்டால் சுங்கச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு குறுக்கே வரும். வெவ்வேறு விகிதத்தில் வரி உள்ள பொருள்கள் ஒரு செட்டாக வந்தால், இருப்பதிலேயே உயர்ந்த விகிதம் எல்லாவற்றுக்கும் விழும். தனித்தனி விலைக்கு ஆதாரம் காட்டினால்தான் தப்பிக்கலாம். அந்த ஆதாரத்தை சப்ளையரிடமிருந்து வாங்குவதற்குள் நாள்கள் ஓடின. சரக்கு நிலையத்தில் வாடகையும் ஏறியது. இதில் பாதித் தப்பு என்னுடையது. கப்பல் ஏற்றுவதற்கு முன்பே அவர் கூப்பிட்டிருந்தார். ‘சரக்கு வரட்டும், பார்த்துக்கலாம்’ என்று சொன்னவன் நான்தான்.

பட்டியல் வந்தபின் பிரித்தோம். விளையாட்டுப் பொருள்களுக்கான அத்தியாயம் 95. ஆனால் அதன் முதல் குறிப்பே எவையெல்லாம் உள்ளே வராது என்ற நீண்ட பட்டியல். புதிதாக இறக்குமதி செய்கிறவர்கள் தலைப்பைப் படிப்பார்கள், இந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. கிட் பை 4202-க்குப் போகும். ஷூ 64-ஆம் அத்தியாயம், ஹெல்மெட் 65, ஜெர்சி 61 அல்லது 62. நீச்சல் கண்ணாடி 9004. கையுறை எதனால் செய்யப்பட்டதோ அதன்படி. தோல் என்றால் 4203. ஆனால் காலில் கட்டும் பேடு மட்டும் 95-லேயே இருக்கும். ஒரே பேட்ஸ்மேன், தலை ஓர் அத்தியாயம், கை ஓர் அத்தியாயம், கால் ஓர் அத்தியாயம்! ஸ்டாப்வாட்ச் 91-இல் கடிகாரங்களோடு சேரும். விசில் 9208. அது இசைக் கருவிகளின் அத்தியாயம். இதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. “விசிலு கூடவாங்க?” என்றார் கடைசியில்.

வலை விஷயத்தில் நேர்மாறு. சப்ளையர் மீன்வலையும் கயிற்றுவலையும் வருகிற 5608-ஐப் போட்டிருந்தார். விளையாட்டுக்கென்று தைத்த வலை 95-க்குத்தான் வரும். தரையில் விரிக்கும் செயற்கைப் புல் 57. அது கம்பளக் குடும்பம். உடற்பயிற்சி அறைக்கான ரப்பர் விரிப்பு 4016.

உண்மையான வாக்குவாதம் பந்து வீசும் எந்திரத்தில்தான். சப்ளையர் 8479 என்று எழுதியிருந்தார். வேறெங்கும் சேராத எந்திரங்களுக்கான இடம் அது. அன்று அதற்கு அடிப்படைச் சுங்க வரி 7.5 சதவீதம், 9506-இல் போட்டால் 20. “மோட்டார் இருக்குது, சக்கரம் சுத்துது, மெஷின்தானுங்களே?” என்றார் பயிற்சி மையக்காரர். அவர் ஆசைப்பட்டதில் தப்பில்லை. ஆனால் அட்டவணையில் 84, 85 அத்தியாயங்களை உள்ளடக்கிய 16-ஆம் பிரிவின் முதல் குறிப்பு, 95-இல் சேரும் பொருளை அங்கிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. சப்ளையர் போட்ட கோடு நமக்குச் சாட்சி ஆகாது. அவர் நாட்டுக் கோட்டில் முதல் 6 இலக்கங்கள்தான் நம்மோடு பொது. அதையும் அவர் தப்பாகப் போடலாம், அபராதம் கட்டப்போவது நாம். வேண்டுமென்றே மறைத்ததாகத் தெரிந்தால் 5 ஆண்டு பின்னோக்கிக்கூட நோட்டீஸ் வரும்.

அதே எந்திரத்துக்கு உதிரியாகத் தனி மோட்டார் வந்திருந்தது. அது 8501-க்குப் போயிற்று. உதிரிச் சக்கரமோ அந்த எந்திரத்துக்கு மட்டுமே பொருந்துவது. ஆகவே எந்திரத்தோடு 95-லேயே நின்றது. இரண்டும் ஒரே அட்டைப் பெட்டியில் வந்தவை!

9506-க்குள்ளேயே இன்னொரு வேலி உண்டு. டம்பெல், மெடிசின் பால், ஓடும் டிரெட்மில் போன்ற பொது உடற்பயிற்சிக் கருவிகள் 9506 91. மற்ற விளையாட்டுச் சாமான்கள் பக்கத்து வரிசைகளில். 2018 பட்ஜெட்டில் 9506-க்கு 10-ஐ 20 ஆக்கியபோது இந்த 91-ஐ மட்டும் விட்டுவைத்தார்கள். இறக்குமதிக்குச் சுங்க வரியோடு கட்டும் ஐ.ஜி.எஸ்.டி.யில் அது தலைகீழ்: உடற்பயிற்சிக் கருவிக்கு 18, மற்ற விளையாட்டுப் பொருளுக்கு அன்று 12. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த 12 வெறும் 5 ஆகிவிட்டது. ஆக, சுங்க வரியை மட்டும் பார்த்து ‘இந்தக் கோடு லாபம்’ என்று கணக்குப் போடாதீர்கள். ஜி.எஸ்.டி. வசூலிக்கும் மையத்துக்கு ஐ.ஜி.எஸ்.டி. வரவாகத் திரும்பக் கிடைக்கும். பதிவுபெற்ற அறக்கட்டளை நடத்தும் பயிற்சிக்கு வரிவிலக்கு இருப்பதால் அந்த வரவு கிடையாது, கட்டியது கட்டியதுதான்.

(உலக சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகளில் டம்பெல்லுக்குப் பக்கத்தில் நம் கர்லாக்கட்டைக்கும் இடம் இருக்கிறது. முதலில் பார்த்தபோது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.)

சின்னப் பிள்ளைகளுக்கான குட்டி செட்டுகளில் ரொம்ப ஜாக்கிரதை தேவை. பொம்மை என்று அதிகாரி முடிவுசெய்தால் 9503. அதற்கு 2020-இல் 60, 2023-இல் 70 சதவீதம் என்று வரி ஏறியது. 2021 ஜனவரி முதல் பி.ஐ.எஸ். தர முத்திரையும் கட்டாயம். அளவு, எடை, எந்த வயதினர் பயிற்சிக்கு என்பதையெல்லாம் கேட்லாக்கிலேயே காட்டிவிடுங்கள். ப்ளூடூத், ரேடார் போன்ற கம்பியில்லாச் சமாசாரம் எதில் இருந்தாலும், கப்பல் ஏற்றுமுன் அதற்கான ஒப்புதலைத் தனியாகப் பாருங்கள்.

2020-இலிருந்து முகமறியா மதிப்பீடு வந்துவிட்டது. உங்கள் பில்லைப் பார்க்கிற அதிகாரி வேறு ஊரில் இருப்பார். பெட்டியைத் திறந்து காட்டி, ‘பாருங்க சார்’ என்று விளக்க வழியில்லை. நீங்கள் ஏற்றும் படமும் கேட்லாக்கும்தான் உங்களுக்காகப் பேசும். தொடர்ந்து வரவழைக்கப்போகிற பொருள், கோட்டில் நிஜமாகவே சந்தேகம் என்றால், டெல்லியிலும் மும்பையிலும் இருக்கும் சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடலாம். சட்டமும் விவரமும் மாறாதவரை அந்தத் தீர்ப்பு சில ஆண்டுகளுக்குச் செல்லும். ஒரே ஒருமுறை வரும் இரண்டு எந்திரத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

இப்போது யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது இன்வாய்ஸின் வரைவைத்தான். சப்ளையருக்குப் பணம் அனுப்புமுன் அதை உங்கள் ஏஜென்டிடம் காட்டுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி, தனி விலை, எதனால் ஆனது என்ற குறிப்பு, ஒரு படம். விசிலுக்கும் சேர்த்து.