காட்டில் ஒரு காயம்: வைத்தியசாலைக்கு எத்தனை மணித்தியாலம்?

எமது கிராமங்களில் காட்டுக்குப் போவது பெரும்பாலும் பொழுதுபோக்குக்காக அல்ல. விறகுக்கும் தேனுக்கும் பாலைப்பழத்துக்கும் போகிறோம். பட்டிக்குத் திரும்பாத மாட்டைத் தேடிப் போகிறோம். ஆடித் திருவிழாவுக்காக உகந்தையிலிருந்து கும்புக்கன் ஆற்றைக் கடந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்வோர் நாட்கணக்கில் காட்டிலேயே சமைத்து, காட்டிலேயே படுத்தெழும்புகிறார்கள். பாடசாலை விடுமுறை வந்தால் இளைஞர் கழகங்களும் குளக்கரைக்கும் மலைக்கும் புறப்படுகின்றன.

இவர்களில் யாருக்காவது தீங்கு நேர்ந்தால், “எதிர்பாராமல் நடந்துவிட்டது” என்று சொல்லி ஆறுதல் அடைகிறோம். இந்தச் சொல்லைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பாலைப்பழக் காலத்தில் கரடி பாலை மரத்தடியில் நிற்கும் என்பது எமக்குத் தெரியும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், பின்னர் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மின்னல் மிகும் என்பதும் தெரியும். வயலை ஒட்டிய பன்றித் தடத்தில் கட்டுத்துவக்கு இருக்கக்கூடும் என்பதும் தெரியாத செய்தியல்ல. என்ன நடக்கலாம் என்பது ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்ததே. நடந்த பின்னர் வரும் மணித்தியாலங்களுக்குத்தான் நாம் ஆயத்தமாக இருப்பதில்லை. ஆகவே இப்பாடம் அந்த மணித்தியாலங்களைப் பற்றியது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒருவர் காலை 7 மணிக்குத் தனியே காட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பக்கம் போகிறார் என்று வீட்டில் சொல்லவில்லை. 9 மணிக்குச் சருகுக்குள் கிடந்த முத்திரைப் புடையன் (கண்ணாடி விரியன்) காலில் கடிக்கிறது. அவர் சாரத்தைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுகக் கட்டிக்கொண்டு நடக்கிறார். களைத்து ஓரிடத்தில் இருந்துவிடுகிறார். மதியச் சாப்பாட்டுக்கு வராதபடியால் வீட்டார் தேடத் தொடங்குகிறார்கள். 2 மணிக்குக் கண்டுபிடித்து, 3 மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து, பின் பரியாரியிடம் கொண்டுபோகிறார்கள். அவர் பார்வை பார்த்து மருந்து பூசுகிறார். 5 மணிக்கு முரசிலிருந்து இரத்தம் கசிகிறது. அதன்பின் ஓட்டோ தேடி, ஆதார வைத்தியசாலைக்குப் போய்ச்சேர 7 மணியாகிறது. கடித்துப் பத்து மணித்தியாலம். இதில் தூரம் எடுத்துக்கொண்டது இரண்டு, மூன்று மணித்தியாலம் மட்டுமே. மீதியை எடுத்துக்கொண்டது யார்?

இந்தக் கணக்கில் மூன்று தாமதங்கள் உள்ளன: அவர் இருக்கும் இடம் தெரியாத தாமதம், தவறான சிகிச்சையில் போன தாமதம், வாகனம் தேடிய தாமதம். நான்காவது ஒன்றும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

பாம்புக்கடியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். 2016 இல் வெளியான நாடளாவிய ஆய்வு ஒன்று, இலங்கையில் ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிப்பதாகவும், அவர்களுள் ஏறத்தாழ 30,000 பேருக்கே விஷம் ஏறுவதாகவும், 400 இற்கு மேற்பட்டோர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. நடுவிலுள்ள எண்ணைக் கவனியுங்கள். கடிபட்டவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு விஷம் ஏறுவதேயில்லை. ஒன்றில் பாம்பு விஷமற்றதாக இருக்கும், அல்லது விஷப்பாம்பே கடித்தாலும் விஷம் உள்ளே இறங்கியிராது. எந்த மருந்தும் இன்றி இவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். எமது பரியாரிமார் பலர் நல்ல மனதுடன் பணமே வாங்காமல் உதவுபவர்கள். அவர்களைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆனால் அவர்கள் குணமாக்கியதாகச் சொல்லப்படும் கடிகளில் மிகப் பல இந்தப் பாதிக்குள் அடங்குபவை. மற்றப் பாதியில் யார் இருக்கிறார் என்பதை, கடித்த முதல் மணித்தியாலத்தில் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வைத்தியசாலையில் இரத்தம் உறைகிறதா என்று சோதித்துப் பார்த்தே அறியலாம்.

விஷமுறிவு மருந்து இரத்தத்தில் ஓடும் விஷத்தைக் கட்டுப்படுத்தும். விஷம் ஏற்கனவே செய்துவிட்ட சேதத்தை அது திருப்பி எடுக்காது. புடையன் கடியில் சிறுநீரகம் பாதிக்கப்படுவதற்கு முன் மருந்து ஏறுவதற்கும் பின் ஏறுவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு அதுவே. கட்டுவிரியன் இன்னொரு வகையிற் கொடியது. இரவில், நிலத்திற் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இராது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழும்புபவரின் இமைகள் தாழத் தொடங்கினால், காயம் தெரியாவிட்டாலும் பாம்புக்கடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காட்டில் இரவு தங்கும் யாத்திரிகர் நிலத்தில் வெறும் பாயில் படுப்பதைத் தவிர்த்து, விளிம்புகளைப் பாயின் கீழே செருகிய நுளம்புவலைக்குள் படுப்பது இதற்காகவும்தான்.

கடித்தால் செய்ய வேண்டியவை குறைவு. செய்யாமல் விடவேண்டியவையே அதிகம். கீறவோ உறிஞ்சவோ கூடாது. இறுகக் கட்டக் கூடாது. கட்டினால் அந்த இடத்துச் சதை அழுகக்கூடும். யாராவது ஏற்கனவே இறுகக் கட்டிவிட்டிருந்தால், வழியில் சடுதியாக அவிழ்க்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மோதிரம், கொலுசு, காப்பு இவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். கடிபட்ட கையையோ காலையோ தடி வைத்து அசையாதபடி தளர்வாகக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். வாந்தி எடுத்தால் பக்கவாட்டிற் படுக்க வையுங்கள். வலிக்கு அஸ்பிரின் கொடுக்க வேண்டாம். பாம்பை அடித்துக் கொண்டுவரத் தேவையில்லை. அடிக்கப்போய் இரண்டாம் ஆளும் கடிபடுவதுண்டு. தூரநின்று கையடக்கத் தொலைபேசியிற் படம் எடுக்க முடிந்தால் போதும்.

இனிக் கட்டுத்துவக்கு. பன்றிக்காகவும் மானுக்காகவும் தடத்தின் குறுக்கே கம்பியோ நூலோ கட்டி வைக்கப்படும் இந்தத் துவக்கு, பெரும்பாலும் மனிதனின் முழங்காலையும் தொடையையும் சிதைக்கிறது. அயலூரான் வைத்ததில் அகப்படுபவர் உண்டு. தன் ஊரான் வைத்ததில் அகப்படுபவரும் உண்டு. பயிரைக் காக்க வேறு வழியில்லை என்று வாதிடும் விவசாயிகளை நான் சந்தித்திருக்கிறேன். பன்றியால் வரும் நட்டம் உண்மையானது. ஆயினும் யார் மிதிப்பார் என்று தெரியாமல் வைக்கும் துவக்கை எந்த நட்டமும் நியாயப்படுத்தாது. அது சட்டவிரோதமும் கூட.

நான்காவது தாமதம் இங்கேதான் பிறக்கிறது. காயப்பட்டவர் அனுமதியின்றிக் காட்டுக்குள் போனவர். பொலிஸ் விசாரிக்கும், வனசீவராசிகள் திணைக்களம் வழக்குப் போடும் என்ற பயத்தில் காயத்தை மறைத்து, இருட்டும் வரை காத்திருந்து கொண்டுவருகிறார்கள். சில வேளை விழுந்துவிட்டதாகப் பொய் சொல்கிறார்கள். இதை நேரே சொல்லிவிடுவோம். வைத்தியரின் முதல் வேலை உயிரைக் காப்பது. விசாரணை பிறகு வரலாம், வழக்கும் வரலாம். வழக்குக்குத் தவணை கேட்கலாம், ஓடும் இரத்தத்துக்குத் தவணை கிடையாது. என்ன நடந்தது என்று உண்மையைச் சொன்னால்தான் உள்ளே சன்னங்கள் இருக்கின்றனவா என்று வைத்தியர் தேடுவார். அயலவர்களும், உதவப்போனால் சாட்சிக்கு இழுப்பார்கள் என்று ஒதுங்கக் கூடாது.

இரத்தம் பெருகினால், சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேலேயே வைத்து, உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். குறைந்தது பத்து நிமிடம், இடையில் தூக்கிப் பார்க்காமல். துணி நனைந்தால் அதன் மேல் இன்னொன்று. இவ்வளவு அழுத்தியும் கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டுப் பாய்ந்தால் மட்டும், காயத்துக்கு மேலே அகலமான துணியைச் சுற்றி, தடி செருகி முறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் கட்டக்கூடாத பாம்புக்கடிக்குக் கட்டுகிறார்கள். அழுத்த வேண்டிய காயத்தை அழுத்தாமல் கோப்பித்தூளும் சுண்ணாம்பும் புகையிலையும் வைக்கிறார்கள். இவை கிருமியை உள்ளே விடுவனவே. மண்பட்ட எந்தக் காயத்துக்கும் ஏற்பு ஊசி தேவையா என்று வைத்தியசாலையிற் கேளுங்கள். நரி, மரநாய், குரங்கு போன்றவை கடித்தாலோ பிராண்டினாலோ, ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, விசர்நாய்க்கடிக்குரிய தடுப்பூசிக்காக அன்றே போக வேண்டும்.

தூக்கிச் செல்வது எப்படி? இரண்டு உரப்பைகளின் அடிமூலைகளை வெட்டி, இரண்டு நீண்ட கம்புகளை அவற்றினூடாகச் செருகினால் காவுபடுக்கை ஆயிற்று. உரப்பை இல்லையென்றால் இரண்டு சாரங்கள். நான்கு பேர் தூக்க, நான்கு பேர் மாற்றுக்கு நடக்க வேண்டும். காட்டுத் தடத்தில் ஓர் ஆளைத் தூக்கி ஒரு கிலோமீற்றர் போவது எவ்வளவு கடினம் என்று ஒருமுறை செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இளைஞர் கழகக் கூட்டத்தில் விளையாட்டாகவேனும் இதைச் செய்து பார்க்கச் சொல்கிறேன். 2016 இல் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்தில் இலவசமாக அழைக்கலாம். ஆனால் அது தெருவுக்கு வரும், காட்டுக்குள் வராது. ஆகவே ஆளைத் தூக்கத் தொடங்கும்போதே ஒருவர் முன்னால் ஓடி, தொலைபேசி எடுபடும் இடத்திலிருந்து அழைத்து, எந்தச் சந்தியில் காத்திருப்பது என்று முடிவுசெய்ய வேண்டும்.

கரடிக்குப் பார்வை கூர்மை குறைவு. உண்பதில் மூழ்கியிருக்கும்போது மிக அருகில் ஆளைக் கண்டால் திடுக்கிட்டு முகத்தையும் தலையையும் தாக்கும். பாலை, வீரை பழுக்கும் காலத்தில் தனியே போகாமல், கதைத்துக்கொண்டும் தடியால் மரத்தைத் தட்டிக்கொண்டும் போவது நல்லது. தாக்கினால் குப்புறப் படுத்துக் கழுத்தின் பின்புறத்தைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். யானைத் தடங்களை மாலை மங்கிய பின்னும் விடியுமுன்னும் தவிர்க்க வேண்டும். தேனீயோ குளவியோ கலைந்தால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள். கொட்டப்பட்டவருக்கு முகம் வீங்கி மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சியே காட்டுக்குப் போன காலம் ஒன்றிருந்தது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென உறுதிப்படுத்தியது. ஆனால் சேற்றுநீரில் நடந்து திரிந்து சில நாட்களில் காய்ச்சலும் தசைநோவும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். காட்டுக்குப் போனதை வைத்தியரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

வன்னியில் யுத்தம் விட்டுச்சென்றவை இன்னும் முற்றாக அகற்றப்படவில்லை. மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் விறகு எவ்வளவு கிடந்தாலும் அது எமக்குரியதல்ல. இனந்தெரியாத இரும்பைத் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

உல்லாசப் பயணம் போகும் இளைஞர்களின் பெற்றோர் பாம்பையும் யானையையும் நினைத்துப் பயப்படுகிறார்கள். நான் அஞ்சுவது தண்ணீரையே. பழக்கமில்லாத குளம், அலைகரையருகே திடீரென ஆழமாகும் குழி, மணல் அள்ளிய ஆற்றுப் பள்ளம், மதுபோதை: இவை ஒன்றுசேரும் இடத்தில் நீச்சல் தெரிந்தவனும் தாழ்கிறான், அவனைக் காப்பாற்றக் குதித்தவனும் தாழ்கிறான். குதிக்காமல், கரையில் நின்று சாரத்தையோ நீண்ட கம்பையோ வெற்றுப் பிளாஸ்டிக் கானையோ எறியுங்கள். எடுத்த ஆளைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வீண். மூச்சில்லையெனில் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய்வைத்து ஊதுங்கள்; பின் நெஞ்சின் நடுவில் 30 தடவை பலமாக அமுக்கி 2 தடவை ஊதுவதாக, உதவி வரும்வரை தொடருங்கள். கண்விழித்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மலைப்பகுதியில் ஓடைகளை இன்னும் கவனியுங்கள். மேலே பெய்த மழை, நாம் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும்போதே இறங்கி வரும். படம் எடுப்பதும் ஓர் ஆபத்தாகிவிட்டது. 2015 இல் ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவில் படம் எடுக்கையில் பின்னால் கால்வைத்த வெளிநாட்டவர் ஒருவர் விழுந்து, கீழே மரமொன்றில் தங்கியதால் உயிர்தப்பினார். அவரை மேலே கொண்டுவர இராணுவத்தினர் தேவைப்பட்டனர்.

நடைபயணத்தில் வெயில் மெதுவாகவே ஆளை வீழ்த்தும். தலைச்சுற்றும் வாந்தியும் வந்தவரை நிழலிற் கிடத்தி, உடலை நனைத்து விசிறி, நினைவுடன் இருந்தால் ஜீவனி கொடுங்கள். ஜீவனி இல்லையெனில் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். உளறத் தொடங்கினால் அது களைப்பல்ல, உயிராபத்து.

அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒரு பெரிய தாளில் உங்கள் ஊர்க் காட்டை வரையுங்கள். தடங்களையும் நீர்நிலைகளையும், தொலைபேசி எடுபடும் இடங்களையும், வாகனம் வந்து நிற்கக்கூடிய சந்திகளையும் குறியுங்கள். காட்டுக்குப் போகிறவர் எந்தத் தடத்தால், யாருடன், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று யாரிடம் சொல்லிவிட்டுப் போவார்? சொன்ன நேரம் கழிந்து எவ்வளவு நேரத்தில் தேடப் புறப்படுவது? இரவில் வாகனம் தரச் சம்மதிப்பவர் யார், எரிபொருட் செலவை எந்த நிதியிலிருந்து கொடுப்பது? விஷமுறிவு மருந்து கொடுத்துப் பராமரிக்கும் வசதியுள்ள மிக அருகிலுள்ள வைத்தியசாலை எது? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடையை ஊகிக்க வேண்டாம். இருவரைத் தெரிவுசெய்து, நேரிற் போய்க் கேட்டுவரச் சொல்லுங்கள். பரியாரியையும் இக்கூட்டத்துக்கு அழையுங்கள். கடிபட்டவர் முதலில் அவரிடமே வருவார். உடனே வைத்தியசாலைக்கு அனுப்பிவைக்கும் சொல் அவர் வாயிலிருந்து வந்தால், எங்கள் எல்லோருடைய சொல்லையும்விட வேகமாக எடுபடும்.