மண்ணுக்கும் பசிக்கும்

(உரைநடை)

நுழையும்முன்

நெற்கதிரை அறுத்தபின் வயலில் எஞ்சி நிற்பது தாள். ஓரிடத்தில் அதனை ஆடுகள் மேய்கின்றன. வேறோரிடத்தில் அதற்குத் தீ வைக்கப்படுகிறது. இவ்விரு செயல்களும் மண்ணை என்ன செய்கின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

உயிருள்ள மண்

மண்ணில் மணலும் வண்டலும் களியும் மட்டுமல்லாமல் காற்றும் நீரும் மட்கும் கலந்துள்ளன. இலை, வேர், சாணம் முதலியன சிதைந்து உண்டாகும் கரிய பொருளே மட்கு. அதனை உண்டு வாழும் மண்புழுக்களும் நுண்ணுயிர்களும் பயிருக்கு வேண்டிய சத்துகளை விடுவிக்கின்றன. மட்கு நிறைந்த மண் பொலபொலப்பாக இருக்கும். மழைநீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும். மட்கு குறைந்தால் மண் இறுகிவிடும். மழைநீர் உள்ளே இறங்காமல் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அதனை இழக்கச் சில பெருமழைகளே போதும்.

கிடை போடுதல்

காவிரிப் படுகையில் சம்பா நெல்லும், அதனை அடுத்து உளுந்தும் அறுவடையானபின், கோடையில் வயல்கள் வெறுமையாகக் கிடக்கும். அப்போது இராமநாதபுரம், சிவகங்கை முதலிய வறண்ட மாவட்டங்களிலிருந்து ஆட்டு மந்தைகள் அங்கு வரும். மந்தையை நடத்தி வரும் தலைவர் கீதாரி எனப்படுவார். பகலில் ஆடுகள் தாளையும் களைகளையும் மேயும். இரவில் அவற்றை வயலிலேயே பட்டி அடைப்பர். இதுவே கிடை. பட்டியை நாள்தோறும் இடம் மாற்றுவதால் வயல் முழுவதும் புழுக்கையும் சிறுநீரும் பரவும். சிறுநீரிலுள்ள தழைச்சத்து காற்றோடு கலந்துவிடும் இயல்புடையது. ஆதலால் உழவர் காலந்தாழ்த்தாமல் உழுது அதனை மண்ணுக்குள் சேர்ப்பர். கீதாரிக்குக் கூலி கிடைக்கிறது. ஆட்டுக்கு மேய்ச்சல் கிடைக்கிறது. மண்ணுக்கு எரு கிடைக்கிறது.

இவ்வழக்கம் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் இராய்க்கா, இரபாரி மக்களும் மந்தைகளோடு நெடுந்தொலைவு நடந்து, உழவர்தம் நிலங்களில் கிடை அமர்த்துகின்றனர்.

அளவு மீறினால்

மேய்ச்சல் எப்போதும் நன்மையே தரும் என்று கருதலாகாது. ஒரே நிலத்தில் ஓய்வின்றி மேய்த்தால் புல் மீண்டும் தழைக்க நேரமிராது, வேர் மெலியும். ஈரமண்ணைக் குளம்புகள் மிதித்து இறுக்கும். போர்வை இழந்த மண்ணைக் காற்றும் மழையும் கொண்டுபோகும். இடம் மாறிக்கொண்டே இருக்கும் மந்தை மண்ணை வளர்க்கும். மேய்ச்சல் நிலங்கள் சுருங்கி ஓரிடத்தில் முடங்கிய மந்தை அதே மண்ணைத் தேய்க்கும்.

தீயும் தாளும்

பஞ்சாப், அரியானா மாநிலங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நெல் அறுத்த வயல்கள் பல எரிக்கப்படுகின்றன. அப்புகை டெல்லி வரை பரவி, குழந்தைகளையும் இருமச் செய்கிறது. எரியும் தாளிலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. மேல்மண்ணின் நுண்ணுயிர்களும் மடிகின்றன.

உழவர் இதனை அறியாமல் செய்வதில்லை. நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் இயற்றப்பட்ட சட்டங்களால் அங்கு நெல் நடவு தள்ளிப்போடப்பட்டது, அறுவடையும் தள்ளிப்போயிற்று. கோதுமை விதைக்கச் சில வாரங்களே எஞ்சுகின்றன. அறுவடை இயந்திரம் விட்டுச்செல்லும் தாளை அதற்குள் அகற்ற ஆளும் பணமும் வேண்டும். தாளை எரிக்காமலே அதனூடே கோதுமையை விதைக்கும் 'ஹேப்பி சீடர்' என்னும் கருவி இன்று உண்டு. அது சிறு உழவருக்கும் உரிய நேரத்தில் கிடைக்குமாயின் தீக்குத் தேவை இராது.

மண்ணின் பங்கு

"அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு" என்பது உழவர் பழமொழி. அடித்தாள் நிலத்திற்கும், வைக்கோல் மாட்டிற்கும், நெல்மணி மனிதருக்கும் உரியவை. நுனியை மட்டும் எடுத்துக்கொண்டு அடியை எரிப்பது, உண்ணக் கொடுத்தவளையே பட்டினி போடுவதற்கு ஒப்பாகும்.

சொற்பொருள்

மட்கு – சிதைந்த இயற்கைப் பொருள்
பட்டி – ஆடுகளை அடைக்கும் இடம்
தாள் – அறுவடைக்குப்பின் வயலில் நிற்கும் அடித்தண்டு
புழுக்கை – ஆட்டின் சாணம்

பயிற்சி

1. மட்கு குறைந்த மண்ணில் மழைநீர் என்ன ஆகிறது?
2. பட்டியை நாள்தோறும் இடம் மாற்றுவதன் பயன் யாது?
3. பிரித்து எழுதுக: மேல்மண்ணை அரித்து, மழைநீர், அடித்தாள் ஆகியவற்றுள் கூட்டுச் சொற்கள் இரண்டனை மட்டும்.
4. உழவர் தாளை எரிப்பதற்கான காரணங்களை ஐந்து வரிகளில் எழுதுக.
5. உம் தாத்தா, பாட்டியிடம் அவர்கள் ஊரில் கிடை போட்ட வழக்கத்தைக் கேட்டறிந்து, வகுப்பில் தமிழில் கூறுக.