மலை எடுத்ததா, கோளாறு எடுத்ததா? – டூ ஸ்ட்ரோக் வண்டியில் இழுவை குறைந்தால்

சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் மாட்டுப்பட்டியில் என் தங்கை வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போகும் வரை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் ஓடிய வழி அது. அதனால் ரயில்வேக்காரனான எனக்கு அந்த ஊர்மேல் தனிப் பாசம்.

தங்கை மகன் சுற்று வட்டார லயங்களுக்குக் காய்கறியும் மளிகையும் கொண்டுபோய் விற்பவன். அவனிடம் இருப்பது யமஹா ஆர்.எக்ஸ். 100. 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் தயாரான டூ ஸ்ட்ரோக் வண்டி. எஸ்டேட் மண் பாதைக்காக முன் மட்கார்டை உயர்த்தி, பெரிய பல் வைத்த டயர் போட்டிருக்கிறான்.

"மாமா, ஆறு மாசமா வண்டியில புல்லிங் இல்ல. மூணாவது கியர்ல ஏறின மேட்டுல இப்போ முதல் கியர் போட வேண்டியிருக்கு" என்றான். டவுனில் ஒரு மெக்கானிக் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்து, "120 இருக்க வேண்டியது 95தான் இருக்கிறது. போர் போட்டு, புது பிஸ்டன் மாட்ட வேண்டும்" என்று சொல்லிவிட்டாராம். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுக்க அவன் தயாராகிவிட்டான். "இரண்டு நாள் பொறு" என்றேன்.

டீசல் ஷெட்டில் வேலை பார்த்த காலத்தில் பெரியவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றுண்டு. என்ஜினைத் திறக்கும் முன் வெளியே பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்து முடி என்பார்கள். அந்த வரிசையை வாசக அன்பர்களுக்கும் சொல்கிறேன்.

மலையின் பங்கு எவ்வளவு?

மாட்டுப்பட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும். கீழே 11 குதிரைத் திறன் தரும் என்ஜின் அங்கே ஒன்பதரை அளவுக்குத்தான் தரும். கார்புரேட்டருக்கோ இந்த விவரம் தெரியாது. அது பெட்ரோலைப் பழைய கணக்கிலேயே ஊற்றுவதால் கலவையும் கொஞ்சம் கொழுத்துப் போகும்.

நானும் முதலில் மலையைத்தான் சந்தேகித்தேன். ஆனால் வண்டி எட்டு ஆண்டுகளாக அதே ஊரில்தான் ஓடுகிறது. மலை எடுத்துக்கொள்வது முதல் நாளே எடுத்துக்கொண்ட ஒரே அளவு. மாதா மாதம் கூட்டிக் கேட்காது. நாளுக்கு நாள் இழுவை குறைந்தால் அது கோளாறுதான்.

கம்ப்ரஷன் கேஜ் விஷயத்திலும் இதே கணக்கு உண்டு. 1,700 மீட்டரில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் சுமார் 81 விழுக்காடு. கீழே 120 காட்டும் நல்ல என்ஜின் மேலே 97 அளவுக்குத்தான் காட்டும். ஆகவே இவன் வண்டியின் 95 நோயாளியின் எண் அல்ல. மலையில் இருப்பவர்கள், வண்டி நன்றாக ஓடும்போதே ஒருமுறை கேஜ் வைத்து, அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

பார்க்க வேண்டிய வரிசை

1. என்ஜின் சுற்று ஏறுகிறதா? சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உடனே நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவன் வண்டியில் இரண்டும் சரி.

2. பெட்ரோல். குழாயைக் கழற்றி ஒரு புட்டியில் பிடித்துப் பாருங்கள். தாராளமாக வர வேண்டும். பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு தளர்ந்தால் டாங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம். மூடியைத் திறந்து மூடியதும் சரியானால் அதுதான் காரணம். இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும். மஞ்சு இறங்கும் ஊரில் பல வாரம் நின்ற வண்டியானால் பெட்ரோலை மாற்றிவிட்டுத்தான் மேலே சோதிக்க வேண்டும்.

3. ஏர் ஃபில்டர். எஸ்டேட் புழுதி இதைத்தான் முதலில் அடைக்கும். ஃபில்டர் அடைத்த ரயில் என்ஜின் கரும்புகை விடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இவன் ஃபில்டரைச் சுத்தம் செய்ததில் சிறிது தெளிவு தெரிந்தது. மேடு மட்டும் ஏறவில்லை.

4. பிளக். மேட்டில் முழு ஆக்ஸிலேட்டரில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்தபடியே சாவியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபிப்பொடி நிறம் நல்லது. கருத்து ஈரமாக இருந்தால் கலவை கொழுப்பு அல்லது ஆயில் அதிகம். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் கலவை வறட்சி, அது ஆபத்து. இவன் பிளக் அடுப்புக்கரி போல இருந்தது.

5. கிராங்க் ஆயில் சீல். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழேயுள்ள கிராங்க் கேஸ்தான் பம்ப். கலவையை உள்ளே இழுத்து மேலே தள்ளுவது அதுவே. கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயில் உள்ளே போய் வெண்புகை தள்ளும். கியர் ஆயில் அளவு குறையும். மேக்னெட்டோ பக்க சீல் போனால் வெளிக்காற்று நுழைந்து ஐடிலிங் தானாக ஏறும், பிளக் வெளுக்கும். இங்கே இரண்டு அறிகுறியும் இல்லை.

6. சைலன்சர். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் இது புகை போகும் வழி மட்டுமே என்று சொல்லிவிடலாம். டூ ஸ்ட்ரோக்கில் இது என்ஜினின் ஓர் உறுப்பு. வாசலைத் திறந்து மூடுவது பிஸ்டனேதான்; புகை வெளியேறும்போதே புதிய கலவை உள்ளே வருகிறது. சைலன்சரிலிருந்து திரும்பும் அழுத்த அலைதான் வழுக்கி ஓடும் புதிய கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அந்த வழியில் கரி படிந்தால் பழைய புகை உள்ளேயே தங்கும். புதிய கலவைக்கு இடமிராது.

சைலன்சரைக் கழற்றியதும் விஷயம் வெளிச்சமாயிற்று. சிலிண்டரின் புகை வாசலில் பாதியைக் கரி மூடியிருந்தது. பின்முனையில் உள்ள பாஃபிள் குழாயின் துளைகள் தார் பூசியது போல அடைந்திருந்தன.

"ஆயில் எவ்வளவு ஊற்றுகிறாய்?" என்று கேட்டேன். ஆயில் பம்ப் இருந்தும், "பாதுகாப்புக்கு" என்று பெட்ரோலிலும் இரண்டு மூடி டூ-டி ஆயில் சேர்த்து வந்திருக்கிறான். மலையால் ஏற்கனவே கொழுத்த கலவை, அதில் கூடுதல் ஆயில், சூடேறாத மெதுவான ஓட்டம். மூன்றும் சேர்ந்தால் கரி படியாமல் என்ன செய்யும்?

செய்த வேலை

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு பிஸ்டனை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, மூங்கில் சீவலால் வாசலைச் சுரண்டினோம். இரும்புக் கம்பி பிஸ்டனைக் கீறிவிடும். பாஃபிளைத் திறந்த வெளியில் விறகு நெருப்பில் சுட்டு, ஆறவைத்துத் தட்டினோம். புது கேஸ்கெட், புது பிளக் போட்டோம். ஆயிலைப் பம்ப்புக்கே விட்டுவிட்டோம்.

மறுநாள் அதே மேட்டில் மூட்டையோடு மூன்றாவது கியரில் ஏறினான். திரும்ப கேஜ் வைத்துப் பார்த்தேன், அதே 95! பணம் பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

ஓர் எச்சரிக்கை

"மெயின் ஜெட்டைச் சின்னதாப் போட்டா இன்னும் நல்லா இழுக்குமே மாமா?" என்று கேட்டான். மலையில் இழுக்கும், உண்மைதான். ஆனால் இவன் வாரம் ஒருமுறை போடிமெட்டு வழியாகச் சரக்கு எடுக்கப் போடிக்கு இறங்குகிறவன். கீழே காற்று அடர்த்தி கூட, அந்தச் சின்ன ஜெட்டின் கலவை வறண்டு, என்ஜின் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். வளைவில் பின்சக்கரம் பூட்டினாற்போல் நின்றால் பறிபோவது இழுவை மட்டுமல்ல. மலைக்கும் சமவெளிக்கும் போய்வரும் வண்டிக்குக் கம்பெனி ஜெட்டே போதும். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடியே வைத்திருந்தால் ஆயிலும் மிகக் குறைவாகத்தான் போகும்; அவ்வப்போது சிறிது திறந்துவிடுவது நல்லது.

வண்டி தளர்ந்தால் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இது முதல் நாளிலிருந்தே உள்ளதா, நாளாக ஆக வந்ததா? அதற்குப் பதில் தெரிந்த பிறகு ஸ்பானரை எடுக்கலாம். பணப்பையைத் திறப்பது கடைசியில்தான்.